மாதம் 150 ராண்டுக்கு என் தகவலை விற்கலாமா?

தென்னாப்பிரிக்கா, டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி, சுருக்கமாக: "போனில் நான் என்ன பார்க்கிறேன், எங்கே போகிறேன் என்பதைப் பகிர்ந்தால் மாதம் 150 ராண்ட் தருவதாக ஒரு செயலி சொல்கிறது. நம் டேட்டாவை வைத்து கம்பெனிகள் கோடி கோடியாகச் சம்பாதிக்கும்போது நாமும் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் என்ன? அம்மா வீட்டிலேயே சமைத்து விற்கிறார். வங்கி அவருக்குக் கடன் மறுத்துவிட்டது, காரணம் சொல்லவில்லை. ஆயாவும் (பாட்டி) எங்களோடுதான் இருக்கிறார். பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ. சோதனை செய்யலாம் என்கிறார் சித்தப்பா. இதிலெல்லாம் எங்களுக்கு என்ன லாபம்?"

தம்பி, கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அதனால் என் பதில் கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் சாயும். தகவலை விற்றால் கிடைப்பது சில்லறை. அதே தகவலைக் கேட்டு வாங்கி, தப்பைத் திருத்தி, தேவையான இடத்தில் நீங்களே எடுத்து நீட்டினால் கிடைப்பது கணிசமான பணம். உங்கள் வீட்டில் அந்தப் பணம் உங்கள் போனில் இல்லை. அம்மாவின் பெயரிலும் ஆயாவின் பெயரிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

செயலியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். 2013-ல் லண்டன் ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை, தகவல் தரகர்களின் விலைப்பட்டியலை வைத்து ஒரு கணக்குப் போட்டது. ஒருவருடைய வயது, பால், இருப்பிடம் போன்ற பொதுத் தகவலுக்குச் சந்தை விலை 0.0005 டாலர். அதாவது ஆயிரம் பேரைச் சேர்த்தால் அரை டாலர். முழுப் போனையும் திறந்து காட்டினால் விலை ஏறும், உண்மைதான். ஃபேஸ்புக் நிறுவனமே 2019 வரை ஓர் 'ஆராய்ச்சி' செயலி வைத்திருந்தது. போன் வழியாகப் போகும் வரும் எல்லாவற்றையும் பார்க்க விட்டால், பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்கும் மாதம் 20 டாலர் வரை கொடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் ஆப்பிள் அதைத் தடுத்தது. உலகத்திலேயே பணக்கார விளம்பர கம்பெனிகளில் ஒன்று, ஒருவருடைய மொத்த அந்தரங்கத்துக்கும் கொடுத்த தொகை அவ்வளவுதான்.

காரணம் புரிந்துகொள்வது எளிது. தனி ஒருவரின் தகவலை வைத்து யாரும் எதையும் கணிக்க முடியாது. லட்சம் பேருடையது சேரும்போதுதான் அதற்கு விலை வருகிறது. நீங்கள் மட்டும் பேரம் பேசப் போவது, டோங்காட் சர்க்கரை ஆலைக்கு ஒற்றைக் கரும்பைத் தோளில் சுமந்துகொண்டு போய் விலை கேட்பது மாதிரி. கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் 2019-ல், தகவலால் வரும் லாபத்தில் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று பேசினார். யோசனை நன்றாகத்தான் இருந்தது, சட்டமாகவில்லை. இதற்கு மாறாக, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் முக அடையாளத்தைச் சம்மதமின்றிச் சேகரித்ததாக ஃபேஸ்புக் மேல் மக்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். கம்பெனி 65 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்தது. 2022-ல் ஆளுக்கு 397 டாலர் வந்து சேர்ந்தது. விற்றவர்களுக்குக் கிடைக்காத தொகை, சட்டத்தைக் கையில் பிடித்துக் கூட்டாக நின்றவர்களுக்குக் கிடைத்தது.

இன்னொரு விஷயம். செயலி உங்களிடம் வாங்குவது உங்கள் தகவலை மட்டுமல்ல. உங்கள் போன் இரவில் எந்த வீட்டில் இருக்கிறது, அம்மாவை எந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனீர்கள், யார் யாருடைய எண்கள் உள்ளன, எல்லாம் சேர்ந்து போகும். அதற்கு அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. 150 ராண்டை இரண்டு பேர் சேர்ந்து ஒருமுறை வெளியே சாப்பிட்டால் தீர்த்துவிடலாம். கொடுத்த தகவலைத் திரும்ப வாங்க முடியாது. 2023-ல் நைரோபியில் கிரிப்டோ காசுக்காகக் கண்மணியை ஸ்கேன் செய்யக் கூட்டம் வரிசையில் நின்றது. சில நாளிலேயே கென்ய அரசு அதை நிறுத்தி வைத்தது. வாங்கிய காசை அன்றே செலவழித்திருப்பார்கள். கண்ணை மாற்றிக்கொள்ள முடியுமா?

இனி அம்மா.

வங்கி காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், 62-ஆம் பிரிவு: கடன் மறுக்கப்பட்டவர் கேட்டால், முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிரெடிட் பீரோவில் (நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் நிறுவனம்) இருந்த பாதகமான தகவல்தான் காரணம் என்றால், எந்த பீரோ, அதை எப்படித் தொடர்புகொள்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளைக்கு நேரில் போய்க் கேட்காதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது, 'சிஸ்டம் மறுத்துவிட்டது' என்பார்கள். அம்மா பெயரில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய கடிதம் வேறு மேசைக்குப் போகும். அந்த மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவு, ஒவ்வொரு பீரோவிடமும் வருடத்துக்கு ஒருமுறை கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாக வாங்கும் உரிமையைத் தருகிறது. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். மூன்றிலும் தனித்தனியாக வாங்குங்கள். ஒரே ஆளைப் பற்றி மூன்றும் மூன்று கதை சொல்லும், ஏனென்றால் கடன் கொடுக்கும் எல்லா நிறுவனங்களும் எல்லா பீரோவுக்கும் தகவல் அனுப்புவதில்லை. ஸ்கோர் எண்ணை மட்டும் காட்டும் இலவசச் செயலிகளை நம்பி நிற்காதீர்கள். அவற்றில் பல, உங்களுக்குக் கடன் அட்டையையோ கடனையோ காட்டி அதில் கமிஷன் வாங்கிப் பிழைப்பவை. தவறில்லை, ஆனால் நமக்கு வேண்டியது எண்ணில்லை, அதற்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு வரியும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் என்ன பார்க்க வேண்டும்? முதலில் அடையாள எண், பழைய முகவரிகள், வேலை. ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் ஒரே தெருவில் நான்கு எஸ். கோவெண்டர், மூன்று பி. நாயுடு இருப்பார்கள், வேறொருவருடைய துணிக்கடைக் கணக்கு அம்மா பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது நடக்காத விஷயமில்லை. அடுத்து, கட்டி முடித்த கடன்கள். பணம் கட்டித் தீர்த்த நீதிமன்றத் தீர்ப்புகள் 2014 முதல் பீரோவிலிருந்து தானாக நீக்கப்பட வேண்டும் என்பது விதி. நீக்கப்படாமல் கிடந்தால் ஆட்சேபிக்கலாம்; பீரோ 20 வேலை நாளுக்குள் விசாரித்து, ஆதாரம் கிடைக்காவிட்டால் எடுத்துவிட வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. 'உங்கள் பெயரை பிளாக்லிஸ்டிலிருந்து எடுத்துத் தருகிறோம், 3,000 ராண்ட்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள்.

பழைய கடன் ஏதாவது தென்பட்டால் உடனே போன் செய்து 'கட்டிவிடுகிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். சாதாரணக் கடை, கார்டு கடன்கள் மூன்று ஆண்டு யாரும் வழக்குப் போடாமலும், கடன்பட்டவர் ஒப்புக்கொள்ளாமலும் இருந்தால் பொதுவாகக் காலாவதியாகிவிடும். காலாவதியான கடனை வசூலிப்பதையும் தேசியக் கடன் சட்டம் தடுக்கிறது. வசூல்காரர்கள் பழைய பட்டியலை மலிவாக வாங்கி, 'ஒரு நூறு ராண்ட் மட்டும் போடுங்கள் அம்மா' என்று இனிமையாகக் கேட்பது எதற்கென்று இப்போது புரிகிறதா? அவர்களுக்கு நூறு ராண்ட் முக்கியமில்லை. காலக்கெடு முடிவதற்கு முன்பு கட்டினால் அது ஒப்புதல் ஆகிவிடும், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

இந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 9 லட்சம் ராண்ட் வீட்டுக் கடன், 20 வருடம். 11.5 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 9,600 ராண்ட். ரிப்போர்ட் சுத்தமாக இருந்து 10.5 சதவீதத்தில் கிடைத்தால் ஏறத்தாழ 8,985. மாதம் 600 ராண்டுக்கு மேல் வித்தியாசம், அதுவும் 20 வருடத்துக்கு. செயலி தரும் 150 ராண்டை அருகில் வைத்துப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் தப்பே இல்லை, அம்மாவைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றும் வரலாம். வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்களின் பெரிய சிக்கல் அதுதான். சனிக்கிழமை 60 பிரியாணி, காவடி சமயத்தில் பெரிய ஆர்டர், எல்லாம் ரொக்கம். பர்ஸுக்கு வருகிறது, மார்க்கெட்டுக்குப் போகிறது, எங்கும் தடம் இல்லை. பேஸ்லிப் கேட்கும் வங்கிக்கு அம்மா வருமானமே இல்லாதவர். எனவே தடத்தை உண்டாக்குங்கள். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு திறந்து, ரொக்க வரவையும் வாராவாரம் அதில் போடுங்கள். யோகோவோ, நம் டர்பன் கம்பெனியான ஐகோகாவோ, ஒரு சிறிய கார்டு மெஷின் வாங்குங்கள். இந்த இரண்டும் மெஷினில் ஓடும் விற்பனையைப் பார்த்து முன்பணம் கொடுக்கின்றன. தினசரி விற்பனையிலிருந்து ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு தீர்க்கும். வசதிதான், ஆனால் அது மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் சொல்லும் ஒரே தொகைக் கட்டணத்தை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் தலை சுற்றலாம். என் யோசனை, முன்பணத்தை விட்டுவிட்டு, ஒரு வருட விற்பனை அறிக்கையைத் தரவிறக்கி, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு சேர்த்து அம்மாவே வங்கிக்கு எடுத்துப் போவது. மெஷின் கம்பெனி அம்மாவின் விற்பனையை வைத்து எடுக்கும் அதே முடிவை, வங்கியும் எடுக்கட்டும், வங்கி வட்டியில்.

வாடகை வீடு என்றால் இன்னொன்று. டி.பி.என். என்ற பதிவுபெற்ற பீரோ, வாடகை ஒழுங்காகக் கட்டுவதைப் பதிவு செய்கிறது. உங்கள் ஏஜென்ட் அதைப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். பத்து வருடம் ஒரு மாதம் தவறாமல் வாடகை கட்டியது எங்கும் பதிவாகாமல் போவது வீண்.

ஒரே எச்சரிக்கை. 'உங்கள் வங்கிக் கணக்கை இணையுங்கள், நாங்களே படித்துக்கொள்கிறோம்' என்று நெட்பேங்கிங் கடவுச்சொல் கேட்கும் எந்தச் செயலிக்கும் கொடுக்காதீர்கள். பணம் போனால், கடவுச்சொல்லை நீங்களே கொடுத்தீர்கள் என்று வங்கி கையை விரிக்கும். பி.டி.எஃப். ஸ்டேட்மென்ட் போதும்.

இப்போது ஆயா. நீங்கள் அவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதினீர்கள், எனக்கு அதில்தான் ஆர்வம். அவர் எப்போதாவது துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாரா? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டர்பன் தையல் ஆலைகளுக்குள் நம் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்து, வெளிநாட்டுத் துணி குவிந்து, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்ற பலருக்குத் தங்கள் பிராவிடன்ட் ஃபண்டில் பணம் இருக்கிறது என்பதே தெரியாது. துணி மட்டுமா, செருப்பு, சர்க்கரை, அச்சகம், எல்லாத் தொழிலிலும் இதே கதைதான். நாடு முழுவதும் ஓய்வூதிய நிதிகளில் உரிமை கோரப்படாமல் கிடக்கும் தொகை 40 பில்லியன் ராண்டுக்கு மேல்.

நிதித்துறை நடத்தை ஆணையம், எஃப்.எஸ்.சி.ஏ., தன் இணையதளத்தில் இதைத் தேட ஒரு பக்கம் வைத்திருக்கிறது. இலவசம். அடையாள எண், பிறந்த தேதி, பெயர், வேலை செய்த கம்பெனி, நிதியின் பெயர், இவற்றை வைத்துத் தேடலாம். ஆனால் ஒருமுறை தேடி 'இல்லை' என்று வந்ததும் விட்டுவிடக் கூடாது. நம் ஆட்களுக்கு இது ஏன் கடினம் என்றால், பெயரும் எண்ணும் வழியில் மாறியிருக்கும். கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது, படையாச்சி எத்தனை எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது என்று எண்ணவே முடியாது. தொழிற்சாலை கிளார்க் காதில் விழுந்தபடி எழுதினார். கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர். இதோடு, 1986-க்கு முன் கொடுக்கப்பட்ட அடையாள எண்களின் கடைசிப் பகுதியில் இனத்தைக் குறிக்கும் இலக்கங்கள் இருந்தன. அந்த முறையை எடுத்தபோது எண்கள் மாற்றப்பட்டன. ஆக, ஆயா 1978-ல் வேலைக்குச் சேர்ந்திருந்தால் ஃபண்ட் பதிவில் இருப்பது இன்றைய எண்ணாக இருக்காது. நிறவெறி அரசு ஒட்டிய எண் இன்றைக்கும் ஒரு கிழவியின் பணத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அலமாரியைக் குடையுங்கள். பழைய அடையாளப் புத்தகம், சம்பளக் கவர், யூனியன் அட்டை, ஆலை அடையாள அட்டை, எதுவும் குப்பையில்லை. கம்பெனி மூடியிருந்தாலும் நிதி வேறொரு நிர்வாகியிடம் போயிருக்கும், எஃப்.எஸ்.சி.ஏ.விடம் எழுதிக் கேட்டால் யாரிடம் என்று சொல்வார்கள். தாத்தா இறந்துவிட்டார் என்றால் அவர் பெயரிலும் தேடுங்கள், இறந்தவரின் தொகை அவரை நம்பியிருந்த குடும்பத்துக்குச் சேர வழி உண்டு. 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, முதலில் கட்டணம் அனுப்புங்கள்' என்று வாட்ஸ்ஆப்பில் வருவது எல்லாம் மோசடி.

ஆயாவின் மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளிக்ஸ், டிஸ்கெம் மருந்துக்கடைகள் இரண்டிலும் லாயல்டி அட்டையைக் காட்டித்தான் வாங்குகிறீர்கள் என்றால், வருடம் முழுக்க வாங்கிய மருந்துக்கு வரி அறிக்கை அவர்களிடமே கிடைக்கும். மருத்துவர் சீட்டு எழுதிய மருந்துக்கு நீங்கள் கைக்காசு கொடுத்திருந்தால், அதை சார்ஸ் என்ற வரித்துறைக்குக் காட்டி வரிச் சலுகை கேட்கலாம். வரி கட்டுபவர் 65 வயதைத் தாண்டியவர் என்றால் தகுதியுள்ள செலவில் மூன்றில் ஒரு பங்கு. இளையவர் என்றால் வருமானத்தின் 7.5 சதவீதத்தைத் தாண்டிய பகுதியில் கால் பங்கு. சளி மாத்திரை கணக்கில் வராது. அட்டை கொடுத்த புள்ளிகளைப் பார்த்து மகிழ்கிறோம். அட்டையின் உண்மையான பயன் இந்த அறிக்கைதான் என்பது பலருக்குத் தெரியவில்லை.

நீங்கள் வேலைக்காக ஊர் ஊராக வண்டி ஓட்டுகிறவர் என்றால், போனின் இடப்பதிவை விற்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பயணப்படி வாங்குபவர்கள் சார்ஸிடம் கழிவு கேட்க லாக்புக் வேண்டும்: வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் ஓடோமீட்டர், ஒவ்வொரு அலுவல் பயணத்தின் தேதி, கிலோமீட்டர், நோக்கம். கூகுள் டைம்லைன் இதற்கு மாற்று இல்லை, ஆனால் மார்ச் 12-ஆம் தேதி பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனோமா இல்லையா என்று சரிபார்க்க அதைப் போல ஒன்று கிடையாது.

கடை அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்மார்ட் ஷாப்பர், எக்ஸ்ட்ரா சேவிங்ஸ் எல்லாம் இப்போது அட்டை உள்ளவனுக்கு ஒரு விலை, இல்லாதவனுக்கு ஒரு விலை என்றாகிவிட்டது. அட்டை வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கதை கொஞ்சம் வேறு. டிஸ்கவரி 1997-லேயே வைட்டாலிட்டியைத் தொடங்கி, நடந்தால் புள்ளி, பிறகு ஒழுங்காக ஓட்டினால் பெட்ரோல் காசில் ஒரு பங்கு என்று உலகத்துக்கே வழி காட்டியது. தினம் நடக்கிறவர், நிதானமாக ஓட்டுகிறவர் என்றால் மாதச் சந்தாவைக் கழித்தும் லாபம் நிற்கலாம். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள், நிற்காவிட்டால் விலகிவிடுங்கள். இதில் நினைவில் வைக்க வேண்டியது: மெடிக்கல் எய்ட் சந்தாவை உங்கள் நோயைப் பார்த்து ஏற்ற முடியாது, 1998-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தத் தடை இல்லை. உடம்புத் தகவலை எங்கே கொடுக்கிறோம் என்பதில் அதனால் கவனம் வேண்டும்.

இதெல்லாம் கேட்டு வாங்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? போப்பியா என்று எல்லோரும் சொல்லும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013-ன் 4-ஆம் சட்டம். முழு வீச்சில் அமலானது 2021 ஜூலையில். அதன் 23-ஆம் பிரிவின்படி 'என்னைப் பற்றிய தகவல் உங்களிடம் இருக்கிறதா' என்று எந்த நிறுவனத்தையும் இலவசமாகக் கேட்கலாம், பதிவின் நகலையும் கேட்டு வாங்கலாம். 24-ஆம் பிரிவு திருத்தவும் அழிக்கவும். கணினி மட்டுமே உட்கார்ந்து எடுத்த முடிவால் நீங்கள் பெரிதாகப் பாதிக்கப்பட்டால் 71-ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயரும் முகவரியும் இணையதளத்தின் அடியில் 'பாயா' (தகவல் பெறும் உரிமைச் சட்டம்) கையேட்டில் இருக்கும். அந்தச் சட்டப்படி பதில் தர 30 நாள். தரவில்லையா, தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார். அந்த ஆணையம் பல்லில்லாதது என்று சிலர் சொல்வார்கள். 2023-ல் நீதித்துறை அமைச்சகத்துக்கே 50 லட்சம் ராண்ட் அபராதம் போட்டது.

ஐரோப்பாவில் இருப்பவருக்கு இருக்கும் ஒன்று நமக்கு இல்லை. தன் தகவலை இயந்திரம் படிக்கும் வடிவில் வாங்கி, போட்டிக் கம்பெனிக்கு நேராக மாற்றச் சொல்லும் உரிமை ரீயூனியன் தீவில் இருக்கும் நம் தமிழருக்குக் கூட உண்டு, அது பிரான்ஸ் என்பதால். நமக்குக் காகிதமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும். வரட்டும், வேலை நடக்கும்.

தொல்லை அழைப்புகளுக்கும் இதே சட்டம்தான். சம்மதமில்லாமல் விளம்பரம் அனுப்பக் கூடாது. சம்மதம் கேட்க ஒரே ஒருமுறைதான் வரலாம். ஏற்கனவே வாடிக்கையாளர் என்றாலும் மறுக்கும் உரிமை உண்டு. 2025-ல் திருத்திய விதிகளின்படி ஆட்சேபத்தை வாட்ஸ்ஆப்பிலேயே அனுப்பலாம். கூடவே, வீட்டில் எல்லோருடைய அடையாள எண்ணையும் எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். என்ற மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்துவிடுங்கள். 2020-ல் எக்ஸ்பீரியனிலிருந்து 2 கோடியே 40 லட்சம் தென்னாப்பிரிக்கர்களின் தகவல் ஏமாற்றுக்காரர் கைக்குப் போனது. உங்கள் எண் அதில் இல்லை என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கடைசியாகச் சித்தப்பா. ஊரைக் கண்டுபிடிக்க எச்சில் தேவையில்லை, ஏடு போதும். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை வந்த 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஒவ்வொரு காலனி எண் கொடுத்தார்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்தார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று அந்த வரியை வைத்துத்தான் பேரப்பிள்ளைகள் வட ஆற்காட்டில் கிராமத்தைத் தேடிப் போகிறார்கள், இந்தியத் தூதரகத்தில் ஓ.சி.ஐ. என்ற வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளி அட்டைக்கு நீட்டுகிறார்கள். டர்பன் ஆவணக் காப்பகத்திலும், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் கேளுங்கள். காலனி எண் தெரிந்தால் நல்லது. தாத்தாவின் பிறப்புச் சான்றிலோ திருமணச் சான்றிலோ அது இருக்கக்கூடும்.

டி.என்.ஏ. சோதனை 'தென்னிந்தியா' என்று சொல்லும். அது சித்தப்பாவுக்கு ஏற்கனவே தெரியும். அந்த வியாபாரத்தின் கணக்கையும் பாருங்கள்: 23அண்ட்மீ கம்பெனி 2025 மார்ச்சில் திவால் ஆனபோது அதனிடம் சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு இருந்தது. நிறுவனர் தலைமையிலான அமைப்பு 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. ஆளுக்கு ஏறத்தாழ 20 டாலர். மரபணுவுக்கு விலை என்று கொடுத்தவர்களுக்கு எதுவும் வரவில்லை, அவர்கள்தான் காசு கட்டி எச்சில் அனுப்பியவர்கள்.

மரபணுவிலிருந்து மதிப்பு பெறும் வழியை நம் நாட்டிலேயே வேறு மக்கள் காட்டியிருக்கிறார்கள். 2010-ல் இந்தப் பகுதியின் ஆதிக்குடிகளான சான் இனத்தார் நால்வரின் மரபணு ஆய்வு உலகப் புகழ் பெற்றது. சம்மதம் கேட்ட விதமும் தங்களைப் பற்றி எழுதிய விதமும் சரியில்லை என்று சான் தலைவர்கள் ஆட்சேபித்தார்கள். 2017-ல் தங்களுக்கென ஆய்வு நெறிமுறை ஒன்றை வெளியிட்டார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான நடைமுறை. இனி யார் வந்தாலும் முதலில் சமூகத்தின் சபையைப் பார்க்க வேண்டும். ரூய்போஸ் டீ பற்றிய பாரம்பரிய அறிவுக்கு 2019-ல் ஒப்பந்தம் போட்டு, பண்ணை விலையில் 1.5 சதவீதம் கோய், சான் மக்களுக்குச் சேரும்படி செய்தார்கள். நம்மிடையே சர்க்கரை நோயும் இதய நோயும் எவ்வளவு அதிகம் என்பது மருந்து ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரியும். டர்பனில் நம் ரத்தத்தைக் கேட்டு வருகிறவர்கள் குறையப் போவதில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேச நம் சங்கங்களில் ஒன்றுக்கும் இதுவரை ஒரு பக்கத்தில் எழுதிய நிபந்தனை இருப்பதாக நான் பார்த்ததில்லை. சித்தப்பா ஏதாவது சங்கத்தில் பொறுப்பில் இருந்தால் அந்த ஒரு பக்கத்தை எழுதச் சொல்லுங்கள். சோதனைப் பெட்டியை ஏற்கனவே அனுப்பிவிட்டாரா? மூலக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, மாதிரியை அழிக்கவும் ஆய்வுச் சம்மதத்தை ரத்து செய்யவும் எழுதச் சொல்லுங்கள். கணக்கை மூடுவது அதற்குப் பிறகு.